நமுத்துப்போவதற்குள்

நாகப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரே மேடு
ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை.
பதினோரு வருஷமாக அதைத் தாண்டித்தான் ஓடுகிறேன்,
ஐந்தேகாலுக்கு, ஐந்து கிலோமீட்டர்,
உப்புக்காற்று போகும்போது ஒரு கன்னத்திலும்
வரும்போது மறு கன்னத்திலும் அறைய.

ஏற்காட்டில் இதற்கும் லீவு
என்று அருளப்பன் நம்பியிருந்தார்.
ஷூவை அவருடைய ஸ்வெட்டருக்குள்தான்
சுருட்டிவைத்திருந்தேன்.

முதல் நாள் பனி.
ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஏரி இல்லை,
படகுச் சங்கிலிகளின் சத்தம் மட்டும் மிதந்தது.
நாகலூர் ரோட்டில் ஏறத் தொடங்கியதும்
நெஞ்சுக்குள் இருப்பது
யாரிடமோ இரவல் வாங்கிய நுரையீரல் என்று தெரிந்தது.
ஊரில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம்.
இங்கே கடிகாரம் ஒன்பது என்றது,
பிறகு பத்தேகால்,
பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.
சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி
ஒரு அவசரமும் இல்லாமல் என்னை முந்தி ஏறியிருந்தது.
காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள்
ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து கேட்டார்கள்:
"ஏனுங்கக்கா, யாராச்சும் தொரத்துறாங்களா?"
இல்லை என்று சொல்ல மூச்சில்லை, கையை ஆட்டினேன்.
டாட்டா என்று எடுத்துக்கொண்டு
அவர்களும் ஆட்டினார்கள்.

இரண்டாம் நாள் மூன்றாவது வளைவிலேயே
ஒரு டீக்கடை என்னைப் பிடித்துக்கொண்டது.
பச்சை மிளகைக் கல்லில் நசுக்கி
அப்படியே ஆம்லெட்டில் போட்டார்கள்.
கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டேன்.
தின்று முடிக்கும்வரை
கடிகாரத்தை நிறுத்திவைத்தேன்.
அது நேர்மையா என்று இன்னும் தெரியவில்லை.

அன்று மதியம் கிளியூர் அருவிப் படியில்
அருளப்பனுக்குக் கணுக்கால் பிசகியது.
ஓடியவளுக்கு ஒன்றும் இல்லை.
நின்று செல்ஃபி எடுத்தவருக்கு வீக்கம்.
நான் சிரிக்கவில்லை.
ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஓட்டமே இல்லை.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
வயிறு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கியது.
சேலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ்,
ஒன்பதரைக்கு எங்கள் பஸ்.
பெட்டிமேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் சொன்னார்:
"சேலம் வரைக்கும் வந்துட்டு
தட்டுவடை செட் திங்காமப் போனா
ஆபீஸ்ல தனபாக்கியம் மேடம் என்ன நெனைப்பாங்க?"

நாலு ரோட்டில் அந்தத் தள்ளுவண்டி.
ஒரு தட்டை, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம்,
மேலே இன்னொரு தட்டை, கட்டைவிரலால் ஒரு அமுக்கு.
முதலில் என் பங்கை நின்றபடி தின்றேன்.
காது வரைக்கும் நொறுங்கியது.
"ரெண்டு செட் பார்சல்" என்றதும்
வண்டிக்காரர் கையை நிறுத்திவிட்டார்.
"பத்து நிமிஷம் தாங்கும்மா. அப்புறம் நமுத்துரும்.
என்னையச் சொல்லக் கூடாது."

லாட்ஜ் ஒன்றரைக் கிலோமீட்டர்.
சிக்னலில் ஆட்டோக்கள்
ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன.
காலில் ரப்பர் செருப்பு.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்தேன்.

பூக்கடை, செல்போன் கடை, வெள்ளிக் கொலுசுக் கடை,
குறுக்கே வந்த மாப்பிள்ளை அழைப்புக் கார்,
"பாத்து, பாத்து" என்று யாரோ.
பார்சலைச் சாயாமல் பிடித்திருந்தேன்,
நற்கருணைப் பாத்திரத்தைச் சாமியார் பிடிப்பதுபோல.
கடிகாரத்தைத் தட்ட மறந்துவிட்டேன்.
வாழ்நாளில் நான் ஓடிய வேகமான ஒன்றரைக் கிலோமீட்டருக்கு
கணக்கு எங்கேயும் இல்லை.

மூன்று மாடி, இரண்டிரண்டு படியாக.
பிரித்தார். வாயில் வைத்தார்.
இரைக்கிற மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

மொறுக்.

அடுத்த செட்டை எடுத்துப் பார்த்தேன்,
ஓரமெல்லாம் துவண்டிருந்தது.
அவர் கேட்பதற்குள் அதை நானே தின்றுவிட்டேன்.